எந்த லொறி நல்ல லொறி? வாசகர் கேள்வியும் ட்ரைவர்மார் சொன்ன பதிலும்

போன மாசம் இந்தப் பக்கத்தில "லொறி ஓடுற ஆக்கள், லொறி வச்சிருக்கிற ஆக்கள், வாங்க யோசிக்கிற ஆக்கள் கேள்வி அனுப்புங்க" எண்டு ரெண்டே ரெண்டு வரிதான் போட்டோம். வந்த கடிதக் கட்டப் பாத்து ஆசிரியரே பயந்துட்டாரு, சமையல் பக்கத்துக்குக் கூட இவ்வளவு வாறதில்லயாம். நான் 22 வருஷம் லொறி ஓடின ஆள், இப்ப முழங்கால் ஏலாம எழுத உக்காந்திருக்கேன், ஆனா என்ட கதைய மட்டும் சொன்னா அது ஒரு ஆள்ட கதையாப் போயிரும், அதால ரெண்டு ராத்திரி பழைய சோனகத் தெருவிலயும் ஒரு விடியக்காலம் பேலியகொட மெனிங் மார்க்கட்டிலயும் நின்னு கேட்டுட்டு வந்துதான் பதில் எழுதுறேன். கோவத்தில வந்த கடிதங்கள்ல ஏஜென்ட் பேரு, லீசிங் கம்பனி பேரு எல்லாத்தையும் வெட்டியாச்சு, மன்னிச்சுக்கோங்க.

கொட்டாஞ்சேனையில இருந்து ஒரு தம்பி: அண்ணே, மாமா வெளிநாட்டில இருந்து கொஞ்சம் காசு தாறாரு, மிச்சத்துக்கு லீசிங் போட்டு 14.5 அடி நீளப் பாடி லொறி ஒண்டு எடுக்கப் போறேன். ஹார்ட்வெயார் லோட்தான், கொழும்புக்குள்ளயும் வெளியயும். டாட்டாவா, மிட்சுபிஷி கன்டரா, இசுசு எல்ஃபா? பத்து பேர்கிட்ட கேட்டா பத்து விதமா சொல்றாங்க, மண்ட காயுது.

பத்து பேரும் பொய் சொல்லல தம்பி. நீங்க அவங்ககிட்ட கேக்காம விட்டது ஒண்டு இருக்கு, நீங்க ஓடுற லொறி யார்ட லொறி எண்டு. அதக் கேட்டுட்டு பதிலக் கேட்டீங்க எண்டா பாதி கொழப்பம் தீந்துரும்.

அண்டைக்கு ராத்திரி ஒரு ஹார்ட்வெயார் கட வாசல்ல பெயின்ட் வாளி எறக்கிட்டு இருந்தாங்க, நாட்டாமிமார் ரெண்டு பேர் தோள்ல துண்டப் போட்டு வரிசையா எடுக்கிறாங்க, லொறி ட்ரைவர் சும்மா டீ குடிச்சிட்டு நிக்கிறாரு. சம்பளத்துக்கு ஓடுற ஆள். கன்டர். அவர்கிட்ட கேட்டா கண்ண மூடிக்கிட்டு கன்டர்தான் எண்டாரு, கிளட்ச் பஞ்சு மாதிரியாம், ஸ்டியரிங்க ஒரு விரலால திருப்பலாமாம், ஆமர் வீதி ட்ராஃபிக்ல ரெண்டு மணித்தியாலம் நின்டாலும் கால் வலிக்காதாம். பார்ட்ஸ் வெல என்ன எண்டு கேட்டேன். "அது மொதலாளிக்குத்தானே தெரியும்" எண்டு சிரிக்கிறாரு.

அவருக்குப் பின்னால நின்ட டாட்டா சொந்த லொறி, மனுஷன் தானே ஓடி தானே டயர் மாத்தி தானே கணக்கு எழுதுற ஆள். அவர் சொன்னாரு, "கெபின் சூடுதான், சத்தம்தான், கியர் போட்டா கைக்கு தெரியும்தான், ஆனா மெதவாச்சிக்கு அங்கால ராத்திரி வீல் சிலின்டர் போச்சு எண்டா காலம்பற எட்டு மணிக்கு எந்தச் சின்ன டவுன்லயும் சாமான் வாங்கலாம், நோவும் எனக்கு காசும் எனக்கு, காசு மிஞ்சினா நோவு பரவால்ல". இவரும் உண்மதான் சொல்றாரு, அவரும் உண்மதான் சொல்றாரு. ஒருத்தர் முதுகால யோசிக்கிறாரு, மத்தவர் பொக்கட்டால யோசிக்கிறாரு, அவ்வளவுதான் வித்தியாசம்.

எல்ஃப் காரர் வேற ரகம். அவங்க மொடல் பேர் சொல்ல மாட்டாங்க, என்ஜின் நம்பர்தான் சொல்லுவாங்க. "4எச்எஃப்1 தம்பி, பம்பு என்ஜின்" எண்டு, என்னமோ பொண்ணுக்கு மாப்புள பாக்கிற மாதிரி. 4.3 லீட்டர், டர்போ இல்ல, கம்பியூட்டர் இல்ல, பழைய மாதிரி டீசல் பம்புதான், அதாலதான் எந்த மெக்கானிக் பாஸும் எங்க வேணுமெண்டாலும் திறந்து பாக்கலாம். கன்டர் பக்கம் இதுக்கு சரி நிகரா நிக்கிறது 4டி33, 4.2 லீட்டர், அதுவும் பம்புதான். டீசல் எவ்வளவு போகும் எண்டு மட்டும் கேக்காதீங்க, ஒரே மொடல் வச்சிருக்கிற ரெண்டு பேர்ல ஒருத்தர் லீட்டருக்கு 7 போகுது எண்டாரு, பக்கத்தில இருந்தவர் 5 கூட வராது எண்டாரு, பிறகு ரெண்டு பேரும் சண்ட.

இப்ப உங்கட விஷயம். எல்ஃப் ஜப்பான்ல 1959ல வந்தது, கன்டர் 1963ல, ஆனா நமக்குக் கெடைக்கிறது பெரும்பாலும் அங்க ஓடி முடிஞ்சு கப்பல் ஏறினதுதான். 2020 மார்ச்சில வாகன இறக்குமதிய நிப்பாட்டினாங்க, 2025 பெப்ரவரியிலதான் திரும்பத் திறந்தாங்க, அந்த அஞ்சு வருஷத்தில பழைய லொறியெல்லாம் தங்கம் மாதிரி வெல ஏறி, வேற லொறி இல்லாததால ஓட்டி ஓட்டி, புட்டி வச்சு பெயின்ட் அடிச்சு "நல்ல கொண்டிஷன்" எண்டு விக்கிறாங்க. அதால மேக்க விட்டுட்டு முதல்ல சஸிய, அதான் லொறிட அடிச்சட்டத்தப் பாருங்க. படுத்து பாருங்க, கூச்சப்படாதீங்க, ஒரு டோர்ச்சும் சின்னச் சுத்தியலும் கொண்டு போங்க. ஜப்பான்ல பனி விழுற பக்கம் ஓடின லொறி எண்டா ரோட்டுக்குப் போட்ட உப்பு சஸிய உள்ளால தின்னிருக்கும், கறுப்பு பெயின்ட் மேல அடிச்சு மறைச்சிருப்பாங்க, சுத்தியலால தட்டினா "டிங்" எண்டு வராம "டொக்" எண்டு வரும். பின் சில்லுக்கு மேல பட்டி போட்டு வெல்டிங் அடிச்சிருந்தா அது ஓவர்லோட் ஏத்தின லொறி. 100 மூட்ட சீமெந்து எண்டா 5 டொன், 14.5 அடி லொறியில அத ஏத்தாத ஆள் கொழும்பில யாரு? கிலோமீட்டர் மீட்டர நம்பாதீங்க, கிளட்ச் பெடல் ரப்பர் தேஞ்சிருக்கா எண்டு பாருங்க, அது பொய் சொல்லாது. புது ரப்பர் போட்டிருந்தா ஏன் போட்டாங்க எண்டு யோசிங்க.

என்ட அபிப்பிராயம் கேட்டா, சஸி சுத்தமா பம்பு என்ஜின் எல்ஃபோ கன்டரோ கெடச்சா எடுங்க. கொழும்புக்குள்ள ஹார்ட்வெயார் எண்டா பஞ்சிகாவத்தை பக்கத்திலதானே, பார்ட்ஸுக்குப் பயமில்ல. லீசிங் கட்டு கழுத்த நெரிக்கும் எண்டா பேசாம டாட்டா எடுங்க, முதுகு வலிச்சா மாசம் ஒருக்கா என்னத் திட்டுங்க.

ஹட்டன்ல இருந்து ஒரு வாசகர்: வணக்கங்க. நுவரெலியா பக்கம் மரக்கறி ஏத்தி பேலியகொட மார்க்கெட்டுக்கு கொண்டாறோம். இப்ப இருக்கிற லொறிய குடுத்துட்டு வேற எடுக்கணும். மல ஏற நல்லா இழுக்கிற லொறி எதுங்கன்னு சொல்லுங்க. இழுவ இருந்தாதான் எங்க பக்கம் ஓட முடியும்.

ஐயா, ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க, உங்கட லோட் ஏறுறதில்லயே, எறங்குறதுதானே. 6000 அடிக்கு மேல இருந்து கரட்டும் லீக்ஸும் கோவாவும் நெறச்சு கடல் மட்டத்துக்கு வாறீங்க, திரும்பிப் போகக்க வெறும் கூடையும், கெடச்சா கொஞ்சம் பசளையோ மா மூட்டையோ. அப்ப உங்களுக்குத் தேவ இழுவ இல்ல, பிரேக். மெனிங் மார்க்கட்ல நான் கேட்ட மலநாட்டு ட்ரைவர்மார் எல்லாருமே முதல் வார்த்தையா எக்ஸோஸ்ட் பிரேக் எண்டுதான் சொன்னாங்க, மேக் பேர் ரெண்டாவதாத்தான் வந்தது.

எக்ஸோஸ்ட் பிரேக் எண்டா தெரியாத வாசகர்களுக்கு: சைலன்சர் குழாய்க்குள்ள ஒரு மூடி இருக்கும், சுவிட்ச போட்டா அது மூடிக்கும், பொக போக வழியில்லாம என்ஜின் தானா லொறியப் புடிச்சுக்கும், வீல் பிரேக் சூடாகாது. ஜப்பான் லொறியில இத ஸ்டியரிங் பக்கத்து தண்டில வச்சிருப்பான், விரலால தட்டினாப் போதும். இந்தியப் பழைய லொறியில சிலதில கால்ல மிதிக்கிற பட்டனா இருக்கும், சிலதில கழட்டியே போட்டிருப்பாங்க. பெரிய லொறியில எயார் பிரேக், சின்னதில ஒயில் பிரேக், ஒயில் பிரேக்கில சூடு ஏறி ஒயில் கொதிச்சா பெடல் தரைக்குப் போயிரும், எயார் பிரேக்கில அடிக்கடி மிதிச்சு மிதிச்சு டேங்க் காத்து எறங்கிரும், ரெண்டுமே மோசம்தான்.

எனக்கு நடந்தத சொல்றேன். 90கள்ல, லொறி மேக் சொல்லல, அதில லொறிட குத்தமும் இல்ல. கம்பளையில மரக்கறி ஏத்தி கடுகண்ணாவ எறக்கத்துக்கு வந்தேன், எக்ஸோஸ்ட் பிரேக் வயர் அந்து ரெண்டு மாசம், மொதலாளி "பாத்துக்கலாம்" எண்டு இழுத்துட்டே இருந்தாரு. எறக்கத்தில பாதியில நாத்தம் வந்தது, புடவ கருகுற மாதிரி ஒரு நாத்தம், கிளீனர் பொடியன் "அண்ணே, யாரோ குப்ப எரிக்கிறாங்க" எண்டு சொல்றான். எரிஞ்சது எங்கட பிரேக் லைனிங். பெடல் பாதிக்குப் போச்சு, பம்ப் பண்ணினேன், கொஞ்சம் வந்தது, திரும்பப் போச்சு. மூணாம் கியர்ல இருந்து ரெண்டுக்குப் போட ஏலாது, கியர் பொக்ஸ் கத்துது, என்ஜினத் தூக்கிக் குடுத்து எப்பிடியோ போட்டு, மலப் பக்கக் கான்ல முன் சில்ல விட்டு நிப்பாட்டினேன். கரட் கூடை எல்லாம் கெபினுக்கு மேலால வந்து விழுந்தது. கை நடுக்கம் மாவனெல்ல வரைக்கும் போகல.

அதால எந்த லொறி எடுத்தாலும், ஏற எந்த கியர் போடுவீங்களோ எறங்கவும் அதே கியர், அத உச்சியிலயே போட்டுறணும், பாதியில எறங்கிட்டு தேட ஏலாது. டீசல் மிச்சம் புடிக்கிறேன் எண்டு நியூட்ரல்ல விடுற வீரர்கள் இன்னும் இருக்காங்க, கினிகத்தேன வளைவில அவங்களுக்குப் பின்னால போகாதீங்க, முன்னாலயும் போகாதீங்க. ரதல்ல குறுக்கு ரோட்டில 2023 ஜனவரியில நடந்த பஸ் விபத்துக்குப் பிறகும் இதெல்லாம் சொல்ல வேண்டி இருக்கு.

மேக் கேட்டீங்க, மறக்கல. மார்க்கட்ல பெரும்பான்ம எல்ஃபுக்கு, அடுத்தது கன்டர். டாட்டாகாரர் ஒருத்தர் மட்டும் "என்ட லொறிதான் ஏத்தத்தில எல்லாரையும் முந்தும்" எண்டாரு. எறக்கத்தப் பத்தி கேட்டா பேச்ச மாத்திட்டாரு.

தெமட்டகொடயில இருந்து ஒரு மாணவன்: சின்ன லொறிய ஏன் 'டிமோ பட்டா' எண்டு சொல்றாங்க?

அது டாட்டா ஏஸ். இந்தியாவில 2005ல வந்தது, ரெண்டே சிலின்டர், 702 சிசி, 16 குதிரச் சக்தி. இங்க கொண்டு வாற ஏஜென்ட் கம்பனி டிமோ, சிங்களத்தில பட்டா எண்டா குட்டையன், ரெண்டும் சேந்து பேராயிருச்சு. இப்ப வேற கம்பனி குட்டி லொறியக் கூட பட்டா எண்டுதான் சொல்றோம்.

வெல்லம்பிட்டியில இருந்து ஒரு வாசகர்: நானா, ஜப்பான் ரீகண்டிஷன் லொறி ஒண்டு எடுத்து எட்டு மாசம். பேக்கரிக்கு மா, சீனி போடுறது, எல்லாம் கொழும்புக்குள்ளதான். டாஷ்போட்ல மஞ்சள் லைட் ஒண்டு பத்துது, அடிக்கடி இழுவ கொறையுது. ஒரு கராஜில "உள்ள இருக்கிறத வெட்டி எடுத்துட்டா சரி" எண்டு சொல்றாங்க. வெட்டவா?

வெட்ட வாணாம். அது சைலன்சர்ல இருக்கிற கரி வடி, டீபிஎஃப் எண்டு சொல்றது, இசுசுகாரன் டீபிடி எண்டு சொல்லுவான். டீசல் கரிய புடிச்சு வச்சுக்கிட்டு, நல்லா சூடான உடன 600 பாகை கிட்ட ஏத்தி அத எரிச்சு தள்ளும். அந்தச் சூடு வரணும் எண்டா லொறி ஒரே சீரா கொஞ்ச நேரம் ஓடணும். நீங்க என்ன செய்றீங்க, வெல்லம்பிட்டியில இருந்து கிராண்ட்பாஸ், அங்க நிப்பாட்டி ரெண்டு மூட்ட, அங்கால மருதானை, திரும்ப நிப்பாட்டி மூணு மூட்ட. எரிக்கத் தொடங்கினா நீங்க சாவிய திருப்பி ஓஃப் பண்ணுறீங்க, பாதி எரிஞ்ச கரி அப்பிடியே நிக்கும், நாளைக்கும் அதே கத. ஜப்பான்ல பெருந்தெருவில ஓடின லொறிய நம்ம மருதானையில மூச்சுத் திணற வச்சா வேற என்ன நடக்கும்?

டாஷ்போட்ல அதுக்கு ஒரு சுவிட்ச் இருக்கும். லைட் மினுக்கத் தொடங்கின உடன காஞ்ச புல்லு, பேப்பர், பெட்டி கிட்ட இல்லாத இடமாப் பாத்து நிப்பாட்டி, நியூட்ரல்ல போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து சுவிட்ச அமத்துங்க, என்ஜின் தானா சத்தம் கூடும், ஒரு 20 நிமிஷம் மாதிரி போகும், நடுவில ஓஃப் பண்ணாதீங்க, சைலன்சர் பக்கம் கை வைக்காதீங்க. கெழமைக்கு ஒருக்கா நீர்கொழும்பு பக்கம் ஹயர் ஒண்டு கெடச்சா சந்தோஷமா போங்க, லொறிக்கு அது கசாயம் மாதிரி. என்ஜின் ஒயில் அதுக்குரிய ஒயில் போடணும், மலிவான ஒயில்ல சாம்பல் கூட, அந்தச் சாம்பல் எரியாது. கந்தகம் கொறஞ்ச சுப்பர் டீசல் நல்லது எண்டு சொல்லுவேன், ஆனா வெலயப் பாத்துட்டு நீங்க என்ன அடிக்க வருவீங்க.

வெட்டின லொறி ஓடும்தான். சென்சர் எல்லாம் கொழம்பி நிக்கும், வருஷா வருஷம் பொகப் பரிசோதன வரும், அதுக்கும் மேல, பேக்கரி வாசல்ல நின்னு கரிய ஊதுறது அந்த மாவிலதானே விழும்.

பழைய சோனகத் தெருவில இதக் கேட்டப்ப ட்ரைவர்மார் ரெண்டு கட்சி ஆயிட்டாங்க. பழைய ஆக்கள் கம்பியூட்டரால டீசல் அடிக்கிற கொமன் ரெயில் என்ஜின், டீபிஎஃப், கிளட்ச் பெடல் இல்லாத கியர் எதயும் கிட்ட எடுக்க மாட்டாங்க, "லொறியா டிவியா" எண்டு கேக்கிறாங்க. இளம் பொடியன்மார் ஸ்கேனர் வச்சிருக்கிற கராஜ் நம்பர் ஃபோன்ல வச்சிருக்காங்க, அவங்களுக்கு பயமில்ல. கிளட்ச் இல்லாத கியர் விஷயத்தில நான் பழைய கட்சி.

வவுனியாவில இருந்து ஒரு வாசகர்: ஐயா, நெல்லும் அரிசியும் ஏத்தி கொழும்புக்கு வாறதுக்கு ஆறு சில்லுப் பெரிய லொறி ஒண்டு எடுக்க யோசிக்கிறம். லேலண்ட் எடு எண்டு ஒரு பகுதி சொல்லினம், டாட்டா எடு எண்டு மற்றப் பகுதி சொல்லினம். ரெண்டும் இந்தியாதானே, என்ன வித்தியாசம்?

ரெண்டும் இந்தியாதான், ஆனா வளந்த வீடு வேற. டாட்டா 1954ல இருந்து 15 வருஷம் ஜெர்மன் பென்ஸ் கம்பனியோட சேந்து லொறி செஞ்சவங்க, அந்தக் காலத்து லொறியில பென்ஸ் நட்சத்திரமே இருந்தது, பெட்டாவில ஒரு கிழவர் இன்னும் டாட்டாவ "பென்ஸ்" எண்டுதான் சொல்றாரு. லேலண்ட் 1948ல சென்னையில அசோக் மோட்டர்ஸ் எண்டு ஒஸ்டின் கார் பூட்டத் தொடங்கி, 1955ல இங்கிலீஷ் லேலண்டோட சேந்தது, 80கள்ல ஜப்பான் ஹினோவோட சேந்து என்ஜின் எடுத்தாங்க. அதாலதான் "லேலண்ட்ல ஹினோ என்ஜின்" எண்டு உங்கட பக்கம் பெருமையா சொல்றது. இங்கயும் 1982ல இருந்து லங்கா அசோக் லேலண்ட் இருக்கு, பனாகொடையில பூட்டுறாங்க.

நம்பர் படிக்கத் தெரிஞ்சுக்கோங்க, ப்ரோக்கர் ஏமாத்த மாட்டான். 1613 எண்டா லோடோட மொத்தப் பாரம் 16 டொன், சக்தி 130 குதிர. 1616 எண்டா அதே 16 டொன், 160 குதிர. உங்கட ரோட்டு சமதரை, ஏ9ல மெதவாச்சி வந்து அனுராதபுரம், புத்தளம் வழியா வந்தா மலையே இல்ல, அப்ப பெரிய குதிர தேவயில்ல, டீசல்தான் தேவ. ஏ9 ட்ரைவர்மார் கதச்சத வச்சுப் பாத்தா லேலண்ட்காரர் என்ஜினப் புகழுறாங்க, டாட்டாகாரர் பார்ட்ஸப் புகழுறாங்க, ரெண்டு பேரும் கெபின் சூட்டப் பத்தி வாயே திறக்கல, பழகிட்டாங்க போல. எஞ்சின் மூடிக்கு மேல சாக்கு மடிச்சுப் போட்டு கால் வைக்கிறவங்கள நான் பாத்திருக்கேன்.

முடிவு பண்ணுறதுக்கு ஒரு வழி சொல்றேன், உங்கட ஊர்ல பஸ் டிப்போவில வேல செஞ்சு பென்ஷன் போன பாஸ் ஒருத்தர் கட்டாயம் இருப்பாரு. இலங்கை போக்குவரத்து சபை பஸ் பெரும்பாலும் லேலண்டும் டாட்டாவும்தானே, அவர் கை எதில பழகினதோ அத எடுங்க. லொறி நடு ரோட்டில நின்டா வந்து படுக்கப் போறது அவர்தான், கம்பனிக்காரன் இல்ல.

ஒருகொடவத்தையில இருந்து, கொன்டெய்னர் பெட்டி இழுக்கிற ப்ரைம் மூவர் ட்ரைவர்: யூடி ஓடுறேன். கம்பனி கை மாறிருச்சு எண்டு சொல்றாங்களே, இனி பார்ட்ஸ் வருமா? ஸ்கெனியா, வொல்வோ ஓடுறவங்க எங்களப் பாத்து சிரிக்கிறாங்க.

யூடி எண்டது பழைய நிசான் டீசல்தான், 2007ல வொல்வோ வாங்கினாங்க, 2021ல அவங்க இசுசுவுக்குக் குடுத்துட்டாங்க. லொறி செய்றவன் கையில இருந்து லொறி செய்றவன் கைக்குத்தானே போயிருக்கு, கவலப்பட ஒண்டுமில்ல. சிரிக்கிறவங்க சிரிக்கட்டும், துறைமுக லைன்ல பெட்டிக்காக மணிக்கணக்கா நிக்கிற வேலையில அவங்களுக்கு நல்ல கட்டில் இருக்கு, அது உண்ம, எனக்கே பொறாம. ஆனா அதில ஒரு சென்சர் போனா கம்பியூட்டரோட ஆள் வரும் வரைக்கும் அந்தக் கட்டில்லதான் படுத்திருக்கணும்.

மாளிகாவத்தையில இருந்து ஒரு வாசகர்: சைனா லொறி எடுக்கலாமா?

புதுசா மலிவாக் கெடைக்குது எண்டு நிறையப் பேர் எடுத்திருக்காங்க, திட்டுறவங்களும் இருக்காங்க, திருப்தியா ஓடுறவங்களும் இருக்காங்க. வாங்க முன்ன ஏஜென்டோட ஸ்டோர்ஸுக்குப் போய் கிளட்ச் பிளேட்டும் முன் கண்ணாடியும் கையில எடுத்துக் காட்டச் சொல்லுங்க. "ஓடர் பண்ணித் தாறோம்" எண்டா டீ குடிச்சிட்டு வந்துருங்க.

மட்டக்குளியில இருந்து ஒரு பெரியவர்: பெட்ஃபோர்ட் மாதிரி ஒரு லொறி இனி வருமா தம்பி? நீங்க அத ஓடியிருக்கீங்களா?

ஓடியிருக்கேன் ஐயா, நான் பழகினதே அதிலதான். பெட்ஃபோர்ட் இங்கிலாந்து லூட்டன்ல 1931ல தொடங்கினது, நமக்குத் தெரிஞ்ச மூக்கு நீண்ட டீஜே மொடல் 1958ல வந்தது, 80கள் முடியக்க பெட்ஃபோர்ட் லொறி கதையும் முடிஞ்சது. ஆனா இங்க முடியல. மரக் குத்தி ஏத்துற ஆக்கள் அதே மூக்குக்குள்ள ஜப்பான் என்ஜின தூக்கி வச்சு, வேற கியர் பொக்ஸ் பூட்டி ஓட்டினாங்க, கடைசியில பெட்ஃபோர்ட்ண்டு மிஞ்சினது பொனட்டும் பேரும்தான்.

பவர் ஸ்டியரிங் கெடயாது, வளைவில எழும்பி நின்னுதான் திருப்பணும். டபுள் கிளட்ச் அடிக்காம கியர் விழாது, நடுவில ஒரு தட்டு, திரும்ப ஒரு தட்டு, என்ன பழக்கின ட்ரைவர் பிழையாப் போட்டா முட்டியில ஸ்பானரால தட்டுவாரு. நல்ல லொறியா எண்டு கேட்டா, இல்ல ஐயா. பிரேக்க நெனச்சா இப்பவும் வயித்தக் கலக்குது. நமக்கு அப்ப வயசு இருபது, அதுதான் நல்லா இருந்தது.

வத்தளையில இருந்து ஒரு சகோதரி: என்ட அவருக்கு 41 வயசு, இருபது வயசில இருந்து லொறி ஓடுறாரு. இடுப்பு நோவு, இப்ப இடது கால்லயும் விறைப்பு. டொக்டர்ட போகச் சொன்னா "லொறிய மாத்தினா சரியாகும்" எண்டு சொல்றாரு. உண்மையா? எந்த லொறியில சீட் நல்லம்?

தங்கச்சி, பாதி உண்ம. இலைத் தகடு வில்லு கெட்டியான லொறியில வெறும் பாடியா ஓடினா ஒவ்வொரு குழியும் நேரா முதுகுக்குத்தான் வரும், வருஷக் கணக்கா அந்த அதிர்ச்சி இடுப்ப கெடுக்கும் எண்டது டொக்டர்மாரும் சொல்றதுதான். ஜப்பான் லொறியில சீட்டும் கிளட்ச்சும் சுகம், பெரிய ஐரோப்பா லொறியில சீட்டே காத்தில மிதக்கும். ஆனா லொறி மாத்துற காசுக்கு முதல் சீட்ட மாத்தலாம். பஞ்சிகாவத்தையில யூஸ்ட் சீட் விக்கிறாங்க, ஸ்பிரிங் வச்ச சீட் அந்த லொறிக்குப் பொருந்துமா எண்டு ஒரு குஷன் பாஸ்கிட்ட காட்டிட்டு போடச் சொல்லுங்க.

ஆனா கால் விறைப்பு சீட் விஷயம் இல்ல, நரம்பு விஷயம். அதுக்கு கட்டாயம் டொக்டர்ட காட்டணும், பெரியாஸ்பத்திரி கிளினிக்குக்கு ஒரு நாள் லீவு போட்டுட்டுப் போகச் சொல்லுங்க. கால்ல பலம் கொறஞ்சாலோ, ஒண்டுக்கு ரெண்டுக்கு போறதில மாத்தம் தெரிஞ்சாலோ நாள் பாக்காதீங்க, அண்டைக்கே கூட்டிட்டுப் போங்க.

ரெண்டு விஷயம் அவர்கிட்ட நான் சொன்னதா சொல்லுங்க. ஒண்டு, கெபின்ல இருந்து குதிக்கிறது. எல்லாரும் செய்றோம், ஸ்டைலுக்கு. ரோட்டப் பாத்துக் குதிக்காம, லொறியப் பாத்துத் திரும்பி, கைபிடியப் புடிச்சு படி படியா எறங்கச் சொல்லுங்க. ஆறு மணித்தியாலம் ஓடிட்டு வந்த உடனே நாட்டாமிக்கு உதவியா மூட்டயில கை வைக்கவும் வாணாம், பத்து நிமிஷம் நடக்கட்டும் முதல்ல.

மத்தது பர்ஸ். பின் பொக்கட்டில வச்சுக்கிட்டு நாள் முழுக்க உக்காந்தா ஒரு பக்கம் தூக்கி இடுப்பு கோணலா நிக்கும், தொடை நரம்பும் அமுங்கும். இத நான் பழைய சோனகத் தெருவில டீக் கடையில சொன்ன உடன அங்க இருந்த அத்தன பேரும் பின்னால கை வச்சுப் பாத்து, பர்ஸ எடுத்து மேசையில வச்சாங்க. அந்தச் சொந்த லொறி டாட்டாகாரர்ட பர்ஸ்தான் எல்லாத்திலயும் தடிப்பு, செங்கல் மாதிரி. திறந்து காட்டினாரு, லைசன்ஸ், லொறி இன்சூரன்ஸ் கார்ட், மகள்ட ஃபோட்டோ, 2022ல டீசல் லீட்டர் 460 ரூபாய்க்கு அடிச்ச பில் மடிச்சு மடிச்சு. அத ஏன் வச்சிருக்கீங்க எண்டு கேட்டேன். கிளெய்ம் பண்ண மொதலாளி இல்லயே, அதான் நானே வச்சிருக்கேன் எண்டாரு.